அரியாலைக்குக் கிடைத்த செய்தி

அத்தியாயம் 6

கரவெட்டியில் அருந்ததி நடத்திவந்த மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயர்ப்பலகைக்கு யாரோ சாணியடித்திருந்தார்கள். கடையின் பெயர் முழுவதும் மறைந்து, ஓரத்தில் எழுதியிருந்த ‘தெளிவான பார்வைக்கு’ என்ற வரி மட்டும் தப்பியிருந்தது.

“குறி பிசகாமல் அடிச்சிருக்கிறாங்கள். இவங்களுக்குக் கண்ணாடி தேவைப்படாது, அக்கா,” என்றான் டினேஸ், ஆட்டோவை நிறுத்திக்கொண்டே.

தயாளினி சிரிக்கவில்லை. காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் பொய் சொல்லி நட்டஈடு கேட்பவர்களைப் பிடிக்கிற வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, யாழ்ப்பாண நகரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். அத்தனை பொய்யர்களோடு பழகியதில் மனிதர்கள்மேல் அவளுக்குப் பெரிய மரியாதை மிஞ்சவில்லை. டினேஸ் அவளுடைய உதவியாளன், சாரதி, சட்டப் படிப்பைப் பாதியில் கைவிட்டவன். படிப்புப் போனதே தவிர வாய் போகவில்லை.

கடைக்குள் அருந்ததி தனியே இருந்தாள். கண்ணாடிச் சட்டங்கள் சுவர் முழுக்க வரிசையாக மாட்டியிருக்க, வாடிக்கையாளர் கதிரைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

“நான்தான் நிருஷனைச் சாகடிச்சனாம் அக்கா. சந்தைக்குப் போனா முகத்துக்கு நேரை சொல்லுகினம்.”

“ஆர் சொன்னாலும் சொல்லட்டும். நீ நடந்ததைச் சொல்லு. முதல்லை இருந்து.”

போன மாதம் புயலடித்த அன்று பின்னேரம் நிருஷனும் இன்னும் இருவரும் போன படகு கடலில் எஞ்சின் நின்று தத்தளித்தது. நிருஷன் மனைவி குணலட்சுமிக்குப் போன் எடுத்து, பருத்தித்துறை முனைக்கு வெளியே இழுபடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசிக் கோபுரம் செத்துவிட்டது. குணலட்சுமி தமையனுடைய மோட்டார் சைக்கிளில் மழையோடு மழையாக அருந்ததியிடம் ஓடிவந்தாள். காரணம், அருந்ததி அமெச்சூர் வானொலிக்காரி. பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்களுக்கு அரசாங்கம் பரீட்சை வைத்துக் கொடுக்கிற அனுமதிப்பத்திரம் அவளிடம் இருந்தது. வீட்டின் பின்னறையில் கார் பற்றரியில் ஓடுகிற ஒரு வானொலிச் செற்றும் இருந்தது.

“வாயாலை கதைச்சுப் பாத்தன். மின்னல் இரைச்சலுக்குள்ளை ஒண்டும் எடுபடேல்லை. அதாலை மோர்ஸிலை, டிட்-டா ஒலியாத் தட்டினன். மோர்ஸ் எந்த இரைச்சலையும் கிழிச்சுக்கொண்டு போகும். ‘படகு எஞ்சின் செத்திட்டுது, மூண்டு பேர், முனைக்கு வெளியிலை இழுபடுகினம், உதவி தேவை’ எண்டு. அரியாலையிலை இருந்து உடனை ‘ஆர்’ வந்தது.”

“‘ஆர்’ எண்டால்?” என்றான் டினேஸ். “ஆர் நீ எண்டு கேட்டவரோ?”

“இங்கிலீஸ் எழுத்து. டிடாடிட். ‘முழுதும் கிடைச்சிட்டுது’ எண்டு அர்த்தம். ஒரு சொல்லுத் தவறினாலும் அதை அனுப்பப்படாது. ‘திருப்பிச் சொல்லு’ எண்டுதான் கேக்கவேணும். செற்றைத் தொடமுந்திப் படிக்கிற பாடம் இது. ‘ஆர்’ வந்தபடியாத்தான் குணலட்சுமியை நான் ஆறுதலா வீட்டை போய் இருக்கச் சொன்னனான்.”

அந்த ‘ஆர்’ வந்த இடம் ஏர்னெஸ்டின் வீடு. ஓய்வுபெற்ற பொறியியலாளர். வடபுல வானொலிச் சங்கத்தின் தலைவர். புயல் நேரத்தில் வானொலிச் செய்திகளை வாங்கி, தன் வீட்டுக் கம்பித் தொலைபேசி மூலம் மீட்பு நிலையத்துக்குச் சொல்வது அவர் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. ஆனால் மீட்பு நிலையத்துக்கு எந்த அழைப்பும் போகவில்லை. அடுத்த நாள் காலை வேறு ஆட்கள் சொல்லித்தான் தேடத் தொடங்கினார்கள். இருவரை உயிரோடு எடுத்தார்கள். நிருஷன் கிடைக்கவில்லை.

“ஏர்னெஸ்ட் என்ன சொல்லுறார்?”

“என்ரை செய்தி கிடைச்சு, போனைக் கையிலை எடுத்தவராம். அதுக்குள்ளை என்ரை அழைப்புக்குறியிலையே, எனக்கு மட்டும் தந்த அடையாள எழுத்திலையே, இரண்டாவது செய்தி வந்ததாம். படகு கரைக்கு வந்திட்டுது, தேட வேண்டாம் எண்டு. அதாலை போனை வைச்சவராம். சங்கக் கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலை சொன்னவர். என்ரை லைசென்ஸை ரத்துச் செய்யச் சொல்லிக் கொழும்புக்கும் அறிவிச்சிட்டார். அக்கா, சத்தியமா நான் இரண்டாவது செய்தி அனுப்பேல்லை. ஆரோ என்ரை பேரிலை அனுப்பியிருக்கினம். அது ஆரெண்டு கண்டுபிடிச்சுத் தாங்கோ.”

தயாளினி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். “அந்த இரண்டாவது செய்தியிலை என்ன சொற்கள் எண்டு அவர் சொன்னவர்? உள்ளபடி சொல்லு.”

அருந்ததிக்கு அது மனப்பாடம். “‘த போட் ஹாஸ் றீச்ட் த ஷோர் சேஃப்லி. கைன்ட்லி கான்சல் த சேர்ச். தாங்கிங் யூ.’”

“நீ உன்ரை செய்தியிலை ‘கைன்ட்லி’ போட்டனியோ?”

“எனக்கென்ன விசரே? ஒவ்வொரு எழுத்தும் கையாலை தட்டவேணும். மோர்ஸிலை ‘தாங்ஸ்’ஐயே மூண்டெழுத்தாச் சுருக்கிறனாங்கள்.”

“புயலுக்குள்ளை ஒருத்தன் கள்ளத்தனமா இன்னொருத்தியின்ரை பேரிலை வந்து, பிடிபடாமல் ஓட நினைக்கிறவன், ‘தாங்கிங் யூ’ எண்டு முழுசாத் தட்டியிருக்கிறான்,” என்றாள் தயாளினி. “நல்ல பண்பான கள்ளன்.”

“கள்ளனில்லை அக்கா, கந்தோர்க் கிளாக்கர்,” என்றான் டினேஸ்.

தயாளினி எழுந்தாள். “அருந்ததி, டினேஸின்ரை போனிலை ஒரு ரிங்டோன் வேணும். மோர்ஸிலை. நான் சொல்லுற வசனத்தை வடிவா, மெதுவாத் தட்டிப் பதிஞ்சு குடு. படிக்கிற பிள்ளைக்கும் விளங்கிற வேகத்திலை.”

வசனத்தைக் காதுக்குள் சொன்னாள். அருந்ததி திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வரப்பார்த்தது.

*

அரியாலையில் ஏர்னெஸ்டின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஊரிலேயே உயரமான அன்ரனா அவருடையது. கேற்றில் அவருடைய பெயர் சின்னதாகவும் அழைப்புக்குறி பெரிதாகவும் பொறித்திருந்தது. ஆள் செத்தால் கல்லறையிலும் அதே அளவில்தான் போடுவார்கள் என்றான் டினேஸ்.

உள்ளே வரவேற்பறை முழுக்கச் சான்றிதழ்கள். எந்த நாட்டுச் சங்கம் எதற்குக் கொடுத்தது என்று தெரியாத கேடயங்கள். அவற்றின் நடுவே ஏர்னெஸ்ட், சங்கச் சின்னம் தைத்த கழுத்துப்பட்டியோடு, வீட்டுக்குள்ளேயே சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். பக்கத்துக் கதிரையில் சங்கச் செயலாளர் பிரவீணன். மருந்துக் கடை வைத்திருப்பவர், நாற்பது வயதுக்காரர். தலைவர் இருமினால் தண்ணீர் எடுக்க எழும்புகிற மனிதர்.

“நீங்கள் ஏன் உந்தப் பெட்டைக்காக அலையிறியள் எண்டு எனக்கு விளங்கேல்லை, மிஸிஸ் தயாளினி,” என்றார் ஏர்னெஸ்ட். “இப்ப கன நாடுகளிலை மோர்ஸ் பரீட்சையை எடுத்துப்போட்டாங்கள். கண்டவன் நிண்டவன் எல்லாம் லைசென்ஸோடை வாறான். எங்கடை காலத்திலை மோர்ஸ் தெரியாதவனை அமெச்சூர் எண்டே சொல்லமாட்டம். இந்தா, பிரவீணன் இருக்கிறார். என்ரை வாய்க்குப் பயந்துதான் பிறகு மோர்ஸ் படிச்சவர். என்ன பிரவீணன்?”

“ஓம் சேர்,” என்றார் பிரவீணன், தலையைக் குனிந்து.

“எழுத்தெழுத்தாக் காதாலை கேட்டுப் படிச்சவர். ஆனா என்னைப்போலை வராது.”

தயாளினி மிகுந்த பயபக்தியோடு தலையாட்டினாள். அந்த முகபாவத்தை டினேஸ் நன்கு அறிவான். காப்புறுதிப் பொய்யர்கள் பலர் அதை நம்பித்தான் உள்ளே போனார்கள்.

“புயலண்டு எப்பிடிச் சமாளிச்சனீங்கள் சேர்? குடாநாடு முழுக்கக் கரண்ட் இல்லையே.”

ஏர்னெஸ்டின் நெஞ்சு நிமிர்ந்தது. “அதுதான் அனுபவம் எண்டுறது. கரண்ட் இல்லை. கொம்பியூட்டர் இல்லை. செற் மட்டும் பற்றரியிலை. மற்றபடி இந்த இரண்டு காதும்தான்.”

“கொம்பியூட்டர் எதுக்கு?”

“இப்பத்தைய ஆக்கள் மோர்ஸ் சத்தத்தைக் கொம்பியூட்டருக்குள்ளை விட்டு, அது எழுதிக் காட்டுறதை வாசிக்கிறாங்கள். வெக்கக்கேடு! எனக்கு உதெல்லாம் தேவையில்லை.”

“அப்ப அந்த இரண்டாவது செய்தியையும் நீங்கள் காதாலைதான் கேட்டனீங்கள்.”

“ஒவ்வொரு எழுத்தும்.”

டினேஸ் இதற்கிடையில் மேசையை மேய்ந்துகொண்டிருந்தான். வெல்வெட் துணியின்மேல் பித்தளை மோர்ஸ் விசை ஒன்று பளபளத்தது. “இதிலைதான் சேர் தட்டுறனீங்களோ?”

“வேறை எதிலை? இங்கிலாந்திலை எடுத்தது. வார்னிஷ் பூசி வைச்சிருக்கிறன், களிம்பு பிடியாமல் இருக்க.”

டினேஸ் குனிந்து பார்த்தான். விசையை அழுத்தும்போது இரண்டு உலோக முனைகள் தொட்டால்தான் மின்சாரம் ஓடும். அந்த இரண்டு முனைகளுக்கும் சேர்த்து வார்னிஷ் கெட்டியாகப் பூசியிருந்தது. அவன் தயாளினியைப் பார்த்தான். அவளும் பார்த்துவிட்டாள்.

“சரியான அழகு சேர்,” என்றான். “தாலி மாதிரி. பாக்கிறதுக்குத்தான், வேலை செய்யிறதுக்கில்லை.”

அந்த நேரம் பார்த்து அவனுடைய சட்டைப் பைக்குள் போன் அடித்தது. அடித்தது என்றால், அடிக்கும்படி அவனே செய்தான். மோர்ஸ் ஒலி தெளிவாக, நிதானமாக எழுந்தது. டினேஸ் போனை எடுக்க அவசரப்படவில்லை.

ஏர்னெஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பவர்போலத் தாளத்துக்கு விரலை ஆட்டினார். முகத்தில் ஒரு மகாவித்துவானின் புன்னகை.

பிரவீணன் அப்படி இருக்கவில்லை. ஒலி பாதி போவதற்குள் அவர் முகம் வெளிறியது. இரண்டு கால்களையும் தூக்கிக் கதிரையின்மேல் வைத்துக்கொண்டார். கழுத்தை நீட்டி, ஏர்னெஸ்டின் கதிரைக்குக் கீழே பார்த்தார்.

“ஆகா,” என்றார் ஏர்னெஸ்ட், கண்ணைத் திறந்து. “நல்ல கை. பழைய கப்பற்காரன் ஒருத்தன்ரை கை.”

“என்ன சேர் சொல்லுது?” என்றாள் தயாளினி.

“வழமையான அழைப்புத்தான். ஆராவது இருக்கிறியளோ, கதையுங்கோ எண்டு பொதுவாக் கூப்பிடுறது.”

“சேர்!” பிரவீணன் கத்தினார். “சேர், காலைத் தூக்குங்கோ!”

“ஏன் காணும்?”

“உங்கடை கதிரைக்குக் கீழை பாம்பு எண்டெல்லோ அதிலை சொல்லுது!”

 ஏர்னெஸ்ட் ஒரு கணம் கீழே பார்த்தார். பிறகு தயாளினியைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

“பிரவீணன் அண்ணை, காலை இறக்குங்கோ,” என்றான் டினேஸ். “பாம்பு கதிரைக்குக் கீழை இல்லை. மேலைதான் இருக்கு.”

“என்ன விளையாட்டு இது?” ஏர்னெஸ்ட் எழுந்தார். “என்ரை வீட்டுக்குள்ளை வந்து என்னைச் சோதிக்கிறியளோ? எனக்கு... வயது போனாக் காது கொஞ்சம் மந்தம். சரி, சில நேரம் கொம்பியூட்டர் உதவி எடுக்கிறனான். அதுக்கென்ன?”

“அண்டைக்குக் கொம்பியூட்டர் இல்லையெண்டு சொன்னது நீங்கள்தானே,” என்றாள் தயாளினி. பயபக்தி அவள் முகத்திலிருந்து துடைத்ததுபோலப் போயிருந்தது. “இரண்டு காது மட்டும்தான் எண்டனீங்கள். அந்தக் காதுக்குப் பாம்பும் வணக்கமும் ஒண்டாத்தான் கேக்குது.”

பிரவீணன் மெதுவாகக் கால்களை இறக்கினார். “அப்ப அருந்ததியின்ரை பேரிலை வந்த கள்ளச் செய்தி? அதை அனுப்பினது ஆர்?”

“ஒருத்தரும் அனுப்பேல்லை. நாங்களும் இவ்வளவு நேரமா அனுப்பினவனைத்தான் தேடி வந்தம். கேட்டவரைப் பாத்தபிறகு தேடத் தேவையில்லை. அப்பிடி ஒரு செய்தியே இல்லை, பிரவீணன். ‘கைன்ட்லி’, ‘தாங்கிங் யூ’ எல்லாம் இவர் பிறகு கதிரையிலை இருந்து எழுதின வசனம். மோர்ஸ் தெரிஞ்ச ஒருத்தன் பொய் சொல்லியிருந்தா, பொய்யையாவது சுருக்கமாச் சொல்லியிருப்பான்.”

“நான் முதலாவது செய்தியைக் கேட்டனான்!” என்றார் ஏர்னெஸ்ட். “எஞ்சின் செத்தது, மூண்டு பேர், முனை... எல்லாம் எனக்குத் தெரியும்!”

“அடுத்த நாள் ஊர் முழுக்கத் தெரியும். புயலண்டு உங்களுக்கு என்ன தெரியும்?”

ஏர்னெஸ்ட் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார்.

“நீங்கள் ‘ஆர்’ எண்டு அனுப்பியிருக்கிறியள். உந்த விசையாலை அனுப்ப ஏலாது. முனைக்கு வார்னிஷ் பூசின விசை, பூட்டுப் போட்ட வாய் மாதிரி. எதாலை அனுப்பினனீங்கள்?”

 வாய் திறந்தது பிரவீணன். அவர் எழுந்து நின்றார். தலைவருக்குத் தண்ணீர் எடுக்க அல்ல.

“செற்றிலை ஒரு பொத்தான் இருக்கு,” என்றார். “அமத்தினா ‘ஆர், நன்றி’ எண்டு செற் தானாத் தட்டும். சேருக்கு விரல் நோகுதெண்டு சொன்னவர். நான்தான் அதைப் பதிஞ்சு குடுத்தனான்.” ஏர்னெஸ்டின் பக்கம் திரும்பினார். “சேர், ஆர் என்ன சொன்னாலும் அதைத்தான் அமத்துறனீங்களோ?”

ஏர்னெஸ்ட் கதிரையில் சரிந்து உட்கார்ந்தார். கழுத்துப்பட்டியை இளக்கினார்.

“மோர்ஸ், பரீட்சைக்கு எண்டு ஒருக்காப் பாடமாக்கினது,” என்றார். “அதுக்குப் பிறகு தொடேல்லை. அண்டைக்கு அருந்ததி வேகமாத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளின்ரை அழைப்புக்குறி மட்டும் பிடிபட்டது. செற் வேலை செய்யுதோ எண்டு பாக்கிறாளாக்கும் எண்டு நினைச்சன்.”

“திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கலாமே. மெதுவாத் தட்டு எண்டு கேட்டிருக்கலாமே.”

“மற்ற ஆக்கள் ஆரும் கேட்டுக்கொண்டிருந்தா என்ன நினைப்பினம்? நான் தலைவர்.”

தயாளினி அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை அது.

“விளங்கேல்லை எண்டு சொல்ல ஒரு நிமிசம் போயிருக்கும்,” என்றாள். “அந்த ஒரு நிமிச வெக்கத்துக்கு ஒரு மனுசனைக் கடலிலை விட்டனீங்கள். பிறகு அந்தப் பழியை, தன்ரை வேலையை ஒழுங்காச் செய்த ஒரே ஆளின்ரை தலையிலை போட்டனீங்கள். எழும்புங்கோ.”

“எங்கை?”

“முதல்லை கொழும்புக்குப் போன் எடுத்து, முறைப்பாடு பொய்யெண்டு சொல்லுங்கோ. உங்கடை கம்பித் தொலைபேசி நல்லா வேலை செய்யுமே. புயலுக்கே நிண்டுபிடிச்சது.”

ஏர்னெஸ்ட் பிரவீணனைப் பார்த்தார், காப்பாற்றச் சொல்லி. பிரவீணன் ரிசீவரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுறன், சேர். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுவன்.”

*

பருத்தித்துறைக் கரையில் குணலட்சுமியின் வீட்டு முற்றத்தில் கிழிந்த வலை ஒன்று காயப்போட்டபடியே கிடந்தது. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தயாளினி கரவெட்டியில் இறங்கி அருந்ததியையும் ஏற்றி வந்திருந்தாள். ஏர்னெஸ்டின் காரைப் பிரவீணன் ஓட்டிவந்தார். தலைவர் பின்னால் இருந்தார். வழி முழுக்க, தனக்கு இரத்த அழுத்தம் இருப்பதாகவும் இதையெல்லாம் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

அருந்ததியைக் கண்டதும் குணலட்சுமியின் தமையன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். “நீ இந்த வளவுக்கை கால் வைக்கப்படாது!”

“கொஞ்சம் பொறுங்கோ தம்பி,” என்றாள் தயாளினி. “இந்த ஐயா ஒரு விசயம் சொல்ல வந்திருக்கிறார். கேட்டிட்டு ஆரை அடிக்கிறதெண்டு முடிவெடுங்கோ.”

குணலட்சுமி வாசலுக்கு வந்தாள். கைக்குழந்தை தோளில் உறங்கியது. அவள் யாரையும் திட்டவில்லை. யாருக்கும் வணக்கம் சொல்லவுமில்லை.

ஏர்னெஸ்ட் தொண்டையைச் செருமினார். முதலில் புயலைப் பற்றிச் சொன்னார். பிறகு மின்னல் இரைச்சலைப் பற்றி, பற்றரியின் வலுவைப் பற்றி, வானொலி அலைகள் மேலே போய்த் திரும்பி வருகிற விதத்தைப் பற்றிச் சொன்னார்.

“சேர்,” என்றான் டினேஸ். “பந்து போடுறவன் மாதிரி ஓடிவந்துகொண்டே இருக்காதேங்கோ. பந்தைப் போடுங்கோ.”

ஏர்னெஸ்ட் நிலத்தைப் பார்த்தார். “அருந்ததி அனுப்பின செய்தி எனக்கு விளங்கேல்லை. விளங்கினதா அனுப்பிப்போட்டன். மீட்பு நிலையத்துக்குச் சொல்லேல்லை. இரண்டாவது செய்தி எண்டு ஒண்டும் வரேல்லை. அது... நான் சொன்னது.”

தமையனின் ஓங்கிய கை எங்கே போவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. குணலட்சுமி ஒரு படி இறங்கினாள்.

“உங்களுக்கு விளங்கேல்லை எண்டு சொல்லியிருந்தால்,” என்றாள், ஒவ்வொரு சொல்லாக, “இவ திருப்பிச் சொல்லியிருப்பாதானே?”

ஏர்னெஸ்ட் தயாளினியைத் திரும்பிப் பார்த்தார். தயாளினி அவருக்கு உதவவில்லை.

“நான் பக்கத்திலைதானே நிண்டனான். விடிய விடிய வேணுமெண்டாலும் திருப்பித் திருப்பிச் சொல்லியிருப்பாதானே?”

“ஓம்,” என்றார் ஏர்னெஸ்ட்.

 குணலட்சுமி தோளில் இருந்த குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். முற்றத்தின் ஓரத்தில் நின்ற அருந்ததியிடம் போனாள். அருந்ததி ஏதோ சொல்லத் தொடங்கினாள். அழுகைதான் வந்தது.

“உங்களை நான் ஏசினது...” என்றாள் குணலட்சுமி. முடிக்கவில்லை. அருந்ததியின் கையைப் பிடித்தாள். “உள்ளுக்கை வாங்கோ. வெளியிலை நிக்காதேங்கோ.”

தமையன் உள்ளே ஓடிக் கதிரைகளை இழுத்துப் போட்டான். தயாளினிக்கு ஒன்று, அருந்ததிக்கு ஒன்று, டினேஸுக்கு ஒன்று. தயங்கி நின்ற பிரவீணனையும் கூப்பிட்டு ஒரு வாங்கிலில் இருத்தினான். யாரோ தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினார்கள்.

ஏர்னெஸ்ட் கழுத்துப்பட்டியோடு முற்றத்து மணலில் நின்றார். போகச் சொல்லவும் ஒருவரும் இல்லை, இருக்கச் சொல்லவும் ஒருவரும் இல்லை.